டைலரம்மாவின் பெரியவன்

ஆறாவது வால்வுக்கு வந்ததும் டைலரம்மா மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். இரண்டு விரலால் பிடித்த மெல்லிய எஃகுத் தகட்டை இடைவெளிக்குள் செருகி மெதுவாக இழுத்துப் பார்க்கிறார். தகடு வரவும் வேண்டும், வர மனமில்லாததுபோல வரவும் வேண்டும். லொடலொடவென்று வந்தால் எஞ்சின் டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். இறுகிப்போனால் வால்வு சரியாக மூடாமல் நாளடைவில் கருகும். திருகை ஒரு நூலளவு திருப்பி மறுபடி இழுக்கிறார். "ம், இப்ப உக்காந்திருச்சு. ரவிக்கைக் கை மாதிரி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏழாவதுக்கு நகர்கிறார்.

பின்னால் நாற்காலியில் ஒரு விரல் 'டொக்' என்று தட்டுகிறது. டைலரம்மா நிமிர்ந்து பார்க்கிறார். ஆறாவது திருகின் பூட்டு நட்டை இறுக்க மறந்துவிட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போகிறார்.

தட்டியவர் அவருடைய கணவர். முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் மெஷின் ஓட்டியதால் தெருவுக்கே அவர் மெஷின்காரர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போனது. இடது கை நன்றாக இருக்கிறது. ஒரு தட்டு என்றால் இல்லை, இரண்டு தட்டு என்றால் ஆமாம். வீட்டின் பக்கவாட்டில் இருக்கும் தகரக் கொட்டகையில் ஒரு கார் நிற்கலாம், ஓர் ஆள் ஒடுங்கியபடி அதைச் சுற்றி வரலாம், அவ்வளவுதான் இடம். அதன் வாசலில், காலை வெயில் விழும் இடமாகப் பார்த்து அவருக்கு நாற்காலி போட்டிருக்கிறது. டைலரம்மா வண்டிக்குள் தலையை விட்டிருக்கும் நேரமெல்லாம் அவருடைய இரண்டு கண்ணும் மனைவியின் கையிலேயே இருக்கும்.

டைலரம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. ஒல்லி. வண்டி வேலைக்கென்று கணவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார். எண்ணெய் படுகிற சட்டைதானே என்று கையை மடித்துவிட அவருக்கு மனம் வராது. அளவெடுத்து வெட்டி ஓரம் அடித்திருக்கிறார். காலரில் கறுப்பு நூல் கோத்த ஊசி ஒன்று எப்போதும் குத்தியிருக்கும். முன்னறையில் தையல் மெஷின். வாசலில் யாராவது கூப்பிட்டால் வேலையை அப்படியே விட்டுவிட்டு, சர்க்கரையும் சோப்புத் தூளும் கலந்து மூன்று தடவை கையைத் தேய்த்துக் கழுவி, நகத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்த பிறகுதான் துணியைத் தொடுவார். ஒரே ஒரு தடவை வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றில் கட்டைவிரல் ரேகை விழுந்துவிட்டது. அன்று மாலைக்குள் வேறு துணி எடுத்துப் புதிதாகவே தைத்துக் கொடுத்துவிட்டார். அந்த ரேகைச் சட்டை இப்போது ஹெட்லைட் துடைக்கும் துணி.

உதிரிபாகக் கடைக்காரர் இவருக்காகத் தனி பாஷை ஒன்று கற்றுக்கொண்டிருக்கிறார். மூடிக்கு அடியில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட் என்றால் இவருக்கு லைனிங். குழாயை இறுக்கும் கிளாம்ப் என்றால் இடுப்புப்பட்டி. எஞ்சினுக்குப் பின்னால் கத்தையாகப் போகும் ஒயர்களுக்குச் சிக்குநூல் என்று பெயர். "நேத்து குடுத்த லைனிங் ரெண்டு நூல் தடிப்பு கூட. மேல போட்டா மூடி உக்கார மாட்டேங்குது," என்று இவர் சொன்னால், கடைக்காரர் சிரிக்காமல் ஏணியில் ஏறி மெல்லியதாகப் பார்த்து எடுத்துத் தருவார். முதல் மாதம் சிரித்தார்தான். இவர் கையோடு கொண்டுபோன அளவு டேப்பைக் கல்லாவின் மேல் விரித்து, பொருளில் இருந்த குறையைக் காட்டிய நாளிலிருந்து சிரிப்பதில்லை.

கார் பாலாடை நிறம். நாற்பத்தொரு வயது. கல்யாணமான புதிதில் மெஷின்காரர் வாங்கினார். மூன்று வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகனை ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒருத்தன் இருப்பதால் காருக்குப் பெரியவன் என்றும் மகனுக்குச் சின்னவன் என்றும் பெயர் நிலைத்துவிட்டது. "பெரியவனுக்கு மூச்சு வாங்குது, சின்னவன் போன் பண்ணினான்," என்று டைலரம்மா ஒரே மூச்சில் சொல்வதைக் கேட்டு, அவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று நம்பிய புதுக் குடித்தனக்காரர்கள் உண்டு. பெரியவனுக்குப் பெண் பார்க்கட்டுமா என்று கேட்டே விட்டாள் எதிர்வீட்டுப் பெண்மணி ஒருத்தி.

நாற்பது வருஷம் டைலரம்மா அந்த பானெட்டைத் திறந்ததில்லை. லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார், ஓட்ட வாய்ப்பு வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகைக்குள் போகிற மனிதர் மத்தியானம் கறுத்த கையோடு வருவார், சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ" என்பார், அந்த இதோவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்தக் கறுத்த கையோடு சுவரைத் தொடக்கூடாது என்று சத்தம் போடுவதோடு இவருக்கும் வண்டிக்கும் இருந்த உறவு முடிந்தது.

மெஷின்காரர் படுத்ததும் கார் எட்டு மாதம் அசையாமல் நின்றது. நான்கு டயரும் உட்கார்ந்துவிட்டன. பின் சீட்டில் ஒரு பூனை குட்டி போட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது, பழைய கார்கள் சேகரிக்கும் ஒருவர் வண்டியைப் பார்க்க விரும்புவதாகச் சொல்லி ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தான். மெக்கானிக் வேறு பேட்டரியை மாட்டி, எதையோ தட்டி, சாவியைத் திருகினார். இருமி இருமி எஞ்சின் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்த மெஷின்காரர், யார் கூப்பிட்டாலும் முகத்தைத் திருப்பாமல் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சுவரோடு இரண்டு எட்டு எடுத்து வைத்து ஜன்னல் பக்கம் வந்தார். டைலரம்மா பாத்திரம் துலக்கிய ஈரக் கையோடு அதைப் பார்த்தார். வெளியே போய் மெக்கானிக்கிடம், மன்னிக்கணும், வண்டி குடுக்கறதா இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். மகன் திகைத்துப்போனான்.

மறுநாள் பானெட்டைத் திறக்கும் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று தேடவே அரை மணி நேரம் ஆயிற்று. கார் டாஷ்போர்டில் வண்டியின் கையேடு கிடந்தது. எழுத்தைவிட அதில் படங்கள் அதிகம்: ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிக் காற்றில் மிதக்கவிட்டதுபோல, எது எதோடு சேரும் என்று புள்ளிக்கோடு போட்ட படங்கள். டைலரம்மாவுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. நாற்பது வருஷமாகக் காகிதத்தில் அளவு வெட்டி, கை இங்கே, கழுத்து இங்கே, பட்டி இங்கே என்று பொருத்திக்கொண்டிருந்தவர்தானே. கணவரை நாற்காலியோடு கொட்டகை வாசலுக்கு நகர்த்தினார். ஒவ்வொரு ஸ்பானராகத் தூக்கிக் காட்டினார். இதுவா? ஒரு தட்டு. இதுவா? ஒரு தட்டு. இதுவா? இரண்டு தட்டு. அப்படித்தான் தொடங்கியது. ஆறே மாதத்தில் பெரியவன் தெருவைச் சுற்றி வந்துவிட்டான்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஷின்காரருக்குப் பேச்சு முழுக்கப் போனபோது ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ நாக்கில் தங்கிவிட்டது. "போதும்." பசித்தால் போதும், பல் வலித்தால் போதும், மகன் வந்தாலும் போதும், கிளம்பினாலும் போதும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், அந்த வார்த்தைக்கு அவர் வாயில் அர்த்தம் கிடையாது, வாய்க்கு வழி தெரிந்த ஒரே சத்தம் அது, வார்த்தையை விட்டுவிட்டுத் தொனியை மட்டும் கேளுங்கள் என்று சொல்லிக்கொடுத்தாள். அவள் வருவதற்கு முந்தைய வாரம் முழுக்க, சாப்பாடு ஊட்டும்போது அவர் முதல் 'போதும்' சொன்னதுமே கரண்டியை நிறுத்திப் பாதிப் பட்டினியாகப் போட்டதை நினைத்து டைலரம்மா இன்றும் ஒரு கரண்டி கூடுதலாகவே ஊட்டுகிறார். அதற்குப் பிறகு தொனி ஒவ்வொன்றையும் பழகிக்கொண்டார். இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெட்டிச் சொன்னால் பாத்ரூம். தூக்கிச் சொன்னால் வாசலில் யார் என்று அர்த்தம்.

இந்த வருஷம் மழை மாதத்தில் வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜாக்கி ஒருநாள் நழுவியது. நல்ல வேளை, கை உள்ளே இல்லை என்று டைலரம்மா போனில் வெகுளியாகச் சொல்லிவைத்தார். மகன் மறுநாளே வந்து நின்றான். கோபமாகத்தான் பேசினான். ஆனால் பேசும்போது அம்மாவின் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அம்மா, உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்பாவை யார் பாத்துப்பாங்க? வண்டியா பாத்துக்கும்?"

வயதான வண்டிகள் சில வருஷங்களுக்கு ஒரு தடவை அரசாங்கப் பரிசோதனைக்குப் போய்த் தேறினால்தான் ரோட்டில் ஓடலாம். இந்தத் தடவை தேறினால் இனி இந்தப் பேச்சை எடுப்பதில்லை, தேறாவிட்டால் வண்டியைச் சேகரிப்பவருக்குக் கொடுத்துவிடுவது என்று அம்மாவும் மகனும் முடிவு செய்தார்கள். டைலரம்மா வீறாப்பில் ஒப்புக்கொண்டுவிட்டார். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

பரிசோதனைக்கு ஐந்து நாள் இருக்கும்போது எஞ்சின் முன்பக்கத்தில் தண்ணீர் கசிந்தது. ரேடியேட்டர் குழாய் எஞ்சினோடு சேருமிடத்தில் முழங்கை மாதிரி வளைந்த ஒரு மூடி. அதைப் பிடித்து நிறுத்த மூன்று போல்ட். பெரிய வேலை ஒன்றும் இல்லை. மூடியைக் கழற்றி, லைனிங்கை மாற்றி, திரும்பப் பூட்ட வேண்டியதுதான். இரண்டு போல்ட் முடிந்தது. மூன்றாவதை இறுக்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து, "போதும்," என்றார் மெஷின்காரர்.

சாதாரணமாகத்தான் சொன்னார். தாகம்போல என்று டைலரம்மா நினைத்தார். "இருங்க, தண்ணி தர்றேன். இது ஒண்ணுதான்."

"போதும்."

"இதோ முடிஞ்சுது." சொட்டுக்கூடக் கசியக்கூடாது என்ற பயத்தில் இன்னொரு கால் சுற்று கொடுத்தார். ஸ்பானர் திடீரென்று வெண்ணெயில் இறங்கியதுபோல லேசானது. போல்ட்டின் தலை மட்டும் ஸ்பானரோடு கையில் வந்தது. உடல் எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டது.

கணவர்மேல் காட்டக்கூடாத கோபத்தை டைலரம்மா அவர்மேலேயே காட்டினார். பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க, ஒரு தட்டுத் தட்டியிருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டார். கேட்ட வேகத்திலேயே மனம் குன்றி, உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து டம்ளரை அவர் உதட்டில் வைத்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு எஞ்சினைப் பார்த்தார்.

டம்ளர் டைலரம்மாவின் கையில் அப்படியே நின்றது.

"நீங்க தண்ணி கேக்கலையா?"

ஒரு தட்டு.

"அப்ப... போதும்னா, போதும்னே சொன்னீங்களா?"

விரல் உடனே விழவில்லை. அவருடைய நெற்றி சுருங்கியது. தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவரே தேடிப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு ஒரு தட்டு. பிறகு இன்னொன்று.

அளக்காமல் எதையும் வெட்டாதவர் டைலரம்மா. பெஞ்சுக்கு அடியில் கிடந்த பழைய எஞ்சின் மூடி ஒன்றை இழுத்துப் போட்டு, அதன் துளையில் ஒரு போல்ட்டை வைத்து, அவர் கண்ணெதிரே இறுக்கத் தொடங்கினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மெஷின்காரர் பேசவில்லை. ஸ்பானர் லேசாக முனகியது. பேசவில்லை. இன்னும் ஒரு விரற்கடை. "போதும்." வேறு போல்ட்டை வைத்தார். வேண்டுமென்றே பாதியில் நிறுத்திப் பார்த்தார். ஒரு தட்டு. தொடர்ந்தார். மணிக்கட்டில் இறுக்கம் உணரும் அந்த நொடியில், "போதும்." நான்கு போல்ட், நான்கு தடவையும் அதே இடம். சாப்பாட்டிலும் தண்ணீரிலும் வாசல் பக்கத்திலும் திசை தெரியாமல் அலைந்துகொண்டிருந்த அந்த வார்த்தை இந்த ஓர் இடத்தில் மட்டும் வீடு திரும்பியிருந்தது. டைலரம்மா எழுந்து குழாயடிக்குப் போய் சர்க்கரையும் சோப்புத் தூளும் போட்டு வெகுநேரம் கை கழுவினார். அன்று தைக்கத் துணி எதுவும் இல்லை.

உடைந்த போல்ட்டை எடுக்க லேத் பட்டறைக்காரர் மறுநாள் துளைக்கருவியோடு வந்தார். மெஷின்காரரின் பழைய சிநேகிதர். கொஞ்சம் கோணினாலும் எஞ்சினே வீண் என்பதால் இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நடுவில் துளையிட்டு, மிச்சத்தைச் சுருள் சுருளாக வெளியே எடுத்தார். முடிந்ததும், "இவ்வளவு வலுவா நம்ம அண்ணன்கூட முறுக்கினது இல்லைம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். டைலரம்மா மூன்று புது போல்ட் வாங்கி வைத்துக்கொண்டு பூட்டாமல் காத்திருந்தார். சனிக்கிழமை மகன் வருவான்.

வந்தவன், திறந்து கிடக்கும் எஞ்சினைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டான். நாளை மறுநாள் பரிசோதனை. டைலரம்மா எதையும் விளக்கவில்லை. இரண்டு போல்ட்டைத் தானே பூட்டினார். மூன்றாவதைத் துளையில் வைத்துக் கையால் திருகிவிட்டு, ஸ்பானரை மகனிடம் நீட்டினார்.

"நீ முறுக்கு."

"எவ்வளவு இறுக்கணும்?"

"அப்பா சொல்வார்."

மகன் அம்மாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. தனியாகவே இருந்து அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுகூட நினைத்திருக்கலாம். மறுத்துப் பேசாமல் குனிந்தான். திருப்பினான். பின்னால் சத்தமில்லை. இன்னும் திருப்பினான். திரும்பிப் பார்த்தான், அப்பா நாற்காலியில் கழுத்தை நீட்டியபடி அவனுடைய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம்.

"போதும்."

கேட்டுக் கேட்டுப் பழகிப்போன வார்த்தை. அவனுடைய கை நிற்காமல் போகப் பார்த்தது. அம்மாவின் கை வந்து அவன் மணிக்கட்டின்மேல் விழுந்தது.

"சொல்லிட்டார்ல."

மகன் ஸ்பானரை எடுத்தான். போல்ட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு அம்மா பூட்டிய இரண்டில் ஒன்றை அவனாகவே தளர்த்தி மறுபடி இறுக்கினான். அதே இறுக்கத்துக்கு வந்தபோது அதே வார்த்தை வந்தது. அவன் பானெட்டுக்கு அடியிலேயே தலையை வைத்துக்கொண்டு நின்றான். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. டைலரம்மா அவனை அவசரப்படுத்தாமல் ஸ்பானர்களைத் துடைத்து ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில், திங்கட்கிழமை தேறவில்லை என்றால் சொன்னபடி செய்துவிடலாம் என்று அவரே பேச்சை எடுத்தார்.

மகன் தலையை வெளியே எடுக்காமலே சொன்னான். "தேறலைன்னா சரி பண்ணி மறுபடி கொண்டுபோய்க் காட்டுவோம்."

திங்கட்கிழமை டைலரம்மா ஓட்ட, மெஷின்காரர் பக்கத்தில் உட்கார, மகன் பின் சீட்டில் சின்னப் பையன் மாதிரி இரண்டு இருக்கைக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு வந்தான். பரிசோதனை அதிகாரி பிரேக்கைப் பார்த்தார், விளக்குகளைப் பார்த்தார், அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்தார். எண்ணெய் அளவைக் காட்டச் சொன்னார். டைலரம்மா அளவுகோலை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். எந்த மெக்கானிக்கிடம் விடுகிறீர்கள் என்று அதிகாரி கேட்டபோது, வீட்டிலேயேதான், நாங்கள் இரண்டு பேரும் என்று பதில் வந்தது. அதிகாரி மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்த மெஷின்காரரைப் பார்த்தார், டைலரம்மாவின் சட்டைக் கையின் ஓரத்தையலைப் பார்த்தார், மேற்கொண்டு கேட்கவில்லை. வைப்பர் ரப்பரை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு முத்திரை குத்தினார்.

மகன் காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்தபோது மெஷின்காரர் மரத்தடி நிழலில் உட்கார்ந்திருந்தார். வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. டைலரம்மா தாளைப் படித்துக்கொண்டே, பார்க்காமல், கையிலிருந்த துணியால் அவர் வாயைத் துடைத்துவிட்டார். எண்ணெய் துடைத்த துணி அது. உதட்டிலிருந்து கன்னம்வரை கறுப்பாக இழுத்துவிட்டது.

"அம்மா, என்ன பண்றே," என்று மகன் பதறிப்போய்த் தன் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு குனிந்தான். மெஷின்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவன் சுற்றிக்கொண்டு வந்தான். அவர் இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு வருஷமாகக் குழந்தையைப்போல் கழுவித் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்த முகம் அது. அதில் கறுப்பு அப்பிய பக்கத்தை அவர் வெயிலுக்குக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

டைலரம்மா மகனின் கையிலிருந்து கைக்குட்டையை வாங்கினார். அதை நான்காக மடித்து, ஓரம் பார்த்து நீவி, அவனுடைய சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார்.